கன்சோல் பிளகின் மிக்ஸை மேம்படுத்துகிறதா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

காசு கொடுத்து முதன்முதலில் வாங்கிய கன்சோல் பிளகினை (ஸ்டுடியோவின் பெரிய மிக்ஸிங் மேசையான கன்சோலின் ஒலியைக் கம்ப்யூட்டரில் போலச் செய்யும் மென்பொருள்) ஏறக்குறைய ஒரு வருடம் எல்லாப் பாட்டிலும், எல்லா டிராக்கிலும் போட்டு வைத்திருந்தேன். போட்டால் மிக்ஸ் விரிகிறது, எடுத்தால் சுருங்குகிறது என்று மனப்பூர்வமாக நம்பினேன். ஒரு நாள் வேறு வேலைக்காக லவுட்னஸ் மீட்டரைத் திறந்து வைத்திருந்தபோதுதான், பிளகினை ஆன் செய்தால் மொத்த மிக்ஸும் 0.8 டெசிபல் ஏறுவது கண்ணில் பட்டது. அந்த 0.8-ஐக் குறைத்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். விரிவைக் காணோம்.

அதனால் பிளகின் மோசம் என்று ஆகிவிடாது. அந்த ஒரு வருடமும் நான் கேட்டது கூடிய சத்தத்தை. பிளகினை நான் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை. அன்றிலிருந்து இந்த வகை பிளகின் எது வந்தாலும் ஒரே முறையில் சோதிக்கிறேன். ஒரு பாட்டுக்கு அரை நாள் ஆகும். பணத்தை மட்டுமல்ல, காதையும் நம்பி இந்த வேலையில் இருக்கிறோம். அந்த அரை நாள் தகும்.

சோதிக்கும் முன்: இந்த பிளகின் என்னதான் செய்கிறது?

நீவ், எஸ்எஸ்எல், ஏபிஐ, இஎம்ஐ மாதிரியான பெரிய கன்சோல்களில் ஒவ்வொரு டிராக்கும் தன் சேனலின் ஆம்ப்ளிஃபயரைத் தாண்டி (சில கன்சோல்களில் டிரான்ஸ்ஃபார்மரையும் தாண்டி) மற்ற டிராக்குகளோடு கலக்கும். கலந்த பிறகு பஸ்ஸில் (டிராக்குகள் ஒன்றுசேரும் வழியில்) இன்னோர் ஆம்ப்ளிஃபயர். இந்த வழியில் ஒலிக்கு ஐந்து விஷயங்கள் நடக்கின்றன. பேஸிலும் டிரெபிளிலும் சிறிய ஏற்ற இறக்கம் வருகிறது. சிக்னல் பெரிதாகும்போது ஹார்மோனிக்ஸ் (மூல ஒலியின் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வெண்ணில் முளைக்கும் ஒலிகள்) சேர்கிறது. பக்கத்துச் சேனல்களின் ஒலி கொஞ்சம் கசிகிறது, இதுதான் கிராஸ்டாக். இரைச்சல் சேர்கிறது. கடைசியாக, எந்த இரண்டு சேனலும் நூறு சதவீதம் ஒன்றுபோல இருப்பதில்லை.

பிளகின்கள் இந்த ஐந்தில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ போலச் செய்கின்றன. வேவ்ஸின் என்எல்எஸ்ஸில் மூன்று கன்சோல்கள் இருக்கின்றன: எஸ்எஸ்எல் 4000ஜி, இஎம்ஐ டிஜி12345, நீவ் 5116. சேனலுக்கு ஒரு பிளகின், பஸ்ஸுக்கு ஒன்று. பிரெய்ன்வொர்க்ஸ் தன் கன்சோல் பிளகின்களில் 72 சேனல்களை ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசத்தோடு தருகிறது. ஸ்லேட் டிஜிட்டலின் விசிசியும் சேனல்-பஸ் ஜோடிதான். ஏர்விண்டோஸின் கன்சோல் வரிசை இலவசம், அதன் மூல நிரலும் யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. அதனால் சோதனை செய்து பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளி வைத்துவிடுவோம். 'கம்ப்யூட்டர் டிராக்குகளைக் கூட்டும்போது ஒலி கெட்டுப்போகிறது, கன்சோல் நன்றாகக் கூட்டுகிறது' என்று சொல்வார்கள். கம்ப்யூட்டர் செய்வது வெறும் கூட்டல். 32 பிட் ஃப்ளோட்டில் (ஒலியை மிகத் துல்லியமான எண்களாக வைக்கும் முறை) அந்தக் கூட்டலில் வரும் பிழை எந்தக் காதுக்கும் எட்டாத ஆழத்தில் இருக்கிறது. கன்சோல்தான் ஒலியை மாற்றுகிறது, அந்த மாற்றம் நமக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே கேள்வி எளிது: இந்த மாற்றம் இந்தப் பாட்டுக்கு வேண்டுமா?

இன்னொன்று. இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். பிளகின் செய்வது வெறும் ஈகியூ (பேஸ், டிரெபிள் போன்ற பகுதிகளின் அளவைக் கூட்டிக் குறைப்பது) மாற்றம் என்றால், அதை 24 டிராக்கிலும் போடுவதும் மாஸ்டரில் (எல்லாம் கலந்து வெளியே போகும் கடைசிச் சேனலில்) ஒரே ஒரு முறை போடுவதும் ஒன்றுதான். கணக்குப்படியே ஒன்று, கேட்டுப் பார்க்கவே தேவையில்லை. டிராக் டிராக்காகப் போடுவதற்கு அர்த்தம் வருவது ஹார்மோனிக்ஸ், சேனல் வித்தியாசம் போன்றவற்றால் மட்டுமே. எனவே 'போட்ட மிக்ஸ், போடாத மிக்ஸ்' என்ற இரண்டை ஒப்பிட்டால் பாதிச் சோதனைதான் நடக்கும். 'எல்லா டிராக்கிலும் போட்டது' என்பதை 'மாஸ்டரில் ஒன்று போட்டது' என்பதோடும், 'மாஸ்டரில் சாதாரண ஈகியூ போட்டது' என்பதோடும் மோதவிட வேண்டும்.

படி 1: செஷனை உறைய வையுங்கள்

நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுங்கள். மிக்ஸ் முடிந்ததாக இருக்கட்டும். நான் வழக்கமாக எடுப்பது ஒரு நண்பருக்காகச் செய்த பாட்டு: டிரம்ஸ் 8 டிராக், பேஸ், இரண்டு கிட்டார், பறை, வயலின்கள், முன்குரல், கோரஸ் என்று 22 டிராக். பறையின் அடி கூர்மையாக இருப்பதால் சாச்சுரேஷன் (சிக்னல் பெரிதாகும்போது உச்சங்கள் மழுங்கி ஹார்மோனிக்ஸ் சேர்வது) எங்கே கடிக்கிறது என்பதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். குரலும் பேஸும் மட்டும் இருக்கும் அமைதியான பல்லவி ஒன்றும், எல்லாம் சேர்ந்து இரையும் சரணம் ஒன்றும் இருக்கிற பாட்டாகப் பார்த்து எடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு டிராக்கையும் அதன் ஈகியூ, கம்ப்ரஸர் (பெரிய ஒலியைத் தானாகக் குறைப்பது), ரிவெர்ப், ஃபேடர் (டிராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி), பான், ஆட்டோமேஷன் எல்லாவற்றோடும் சேர்த்து 32 பிட் ஃப்ளோட் ஸ்டீரியோ ஃபைலாக பவுன்ஸ் செய்யுங்கள். மாஸ்டரில் கம்ப்ரஸர், லிமிட்டர் இருந்தால் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இந்த ஃபைல்களைப் புதிய செஷனில் போட்டு எல்லா ஃபேடரையும் 0-வில் வைத்தால் பழைய மிக்ஸே அப்படியே கேட்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு வேலை? கோரஸ் எஃபெக்ட், மாடுலேஷன் உள்ள ரிவெர்ப், ஒவ்வொரு அடிக்கும் வேறு சாம்பிளை எடுக்கும் டிரம் பிளகின் இவையெல்லாம் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் வேறாக ஒலிக்கும். பிறகு நீங்கள் கேட்கும் வித்தியாசம் கன்சோலுடையதா ரிவெர்புடையதா என்று பிரிக்க முடியாது. உறைய வைத்துவிட்டால் மாறுவது ஒன்று மட்டும்தான்.

உறைந்ததா என்று உறுதி செய்ய நல் டெஸ்ட் (ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து மிச்சத்தைக் கேட்கும் சோதனை) செய்யுங்கள். புதிய செஷனை இரண்டு முறை பவுன்ஸ் செய்து, இரண்டையும் அடுத்தடுத்த டிராக்கில் வைத்து, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்புங்கள், அதாவது அலையைத் தலைகீழாக்குங்கள். முழு மௌனம் வர வேண்டும். ஏதாவது கேட்டால் இன்னும் எங்கோ ஏதோ அசைகிறது. கண்டுபிடித்துவிட்டு மேலே போங்கள்.

படி 2: பிளகினுக்கு உள்ளே எவ்வளவு சிக்னல் போகிறது?

பெரும்பாலான சோதனைகள் இங்கேதான் தடம் புரள்கின்றன. அனலாக் கன்சோலில் வியூ மீட்டர் (சிக்னல் அளவைக் காட்டும் ஊசி) 0-வைக் காட்டும் இடம் +4 டிபியு, அதாவது 1.228 வோல்ட். பல பிளகின்கள் -18 டிபிஎஃப்எஸ்ஸை (டிஜிட்டலின் உச்சத்தை 0 என்று வைத்து அதற்குக் கீழே அளக்கும் டெசிபல்) அந்த 0 வியூவாக எடுத்துக்கொள்கின்றன. சிலவற்றில் இதை மாற்றவும் முடியும். கையேட்டைத் திறந்து எந்த எண் என்று பாருங்கள். நம்மில் பலரும் டிராக்குகளை இதைவிட வெகு மேலே ரெக்கார்ட் செய்து வைத்திருப்போம். அப்படியே பிளகினுக்குள் விட்டால், கன்சோலின் ஊசி வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் நிலையை மிக்ஸ் முழுக்கக் கேட்போம். அதுவே வேண்டும் என்றால் சரி, ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை, பீக் -18 டிபிஎஃப்எஸ்ஸில், பிளகின் வழியாக விடுங்கள். பிளகினின் ஊசி 0-வைத் தொடுகிறதா? வெளியே வருவதும் -18 தானா, இல்லை ஏறியிருக்கிறதா? என்னை ஒரு வருடம் ஏமாற்றிய 0.8 டெசிபலை இந்த ஒரு நிமிடச் சோதனையே காட்டியிருக்கும். அளக்கும்போது ஆர்எம்எஸ் மீட்டரை (சிக்னலின் ஒருவகைச் சராசரியைக் காட்டுவது) நம்பி இறங்காதீர்கள். சில மீட்டர்கள் முழு அளவு சைன் அலையை 0 என்று காட்டும், சில -3 என்று காட்டும். சைன் அலைக்குப் பீக்கைப் பார்த்தால் குழப்பமே இல்லை.

உறைய வைத்த டிராக்குகளில் ஃபேடரின் அளவும் உள்ளேயே சேர்ந்துவிட்டது. வயலின் ரொம்பச் சின்னதாக இருந்தால், பிளகினுக்கு முன்னால் ஒரு டிரிம் (அளவை மட்டும் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து ஏற்றி, பின்னால் இன்னொரு டிரிம்மில் அதே அளவு இறக்கிவிடுங்கள். ஏற்றியதும் இறக்கியதும் ஒரே எண்ணாக இருக்கட்டும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏர்விண்டோஸின் கன்சோல் ஜோடிகளுக்கு இப்படிச் செய்யக் கூடாது. அவை ஃபேடருக்குப் பின்னால், சேனலின் கடைசிப் பொருளாக உட்கார வேண்டியவை. உறைய வைத்த செஷனில் எல்லா ஃபேடரும் 0-வில் இருப்பதால் அவற்றுக்கு அதுவே சரியான ஏற்பாடு.

படி 3: காதுக்கு முன் கண்ணால் பாருங்கள்

டிடிஎம்எஃப் நிறுவனத்தின் பிளகின் டாக்டர் மாதிரி ஒரு அளவுக் கருவியோ, சாதாரண ஸ்பெக்ட்ரம் அனலைசரோ போதும். மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, அதே 1 கிலோஹெர்ட்ஸ் அலை. 2, 3, 4 கிலோஹெர்ட்ஸில் எவ்வளவு முளைக்கிறது? உள்ளே போகும் அளவை -18-இலிருந்து -12, -6 என்று ஏற்றிப் பாருங்கள். மென்மையான சாச்சுரேஷனில் உள்ளே 1 டெசிபல் ஏற்றினால் மூன்றாம் ஹார்மோனிக் ஏறக்குறைய 3 டெசிபல் ஏறும். அளவு கொஞ்சம் மாறினாலும் நிறம் நிறைய மாறுவது இதனால்தான். -18-இல் ஹார்மோனிக்ஸ் இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தால், அந்த அளவில் பிளகின் செய்வது வெறும் ஈகியூ வேலை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு, 10 கிலோஹெர்ட்ஸ் அலை. செஷனின் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் அது தாங்கும் உச்ச அதிர்வெண் அதில் பாதி, 24. மூன்றாம் ஹார்மோனிக் 30-இல் வர வேண்டும். இடமில்லாததால் மடங்கி 18-இல் வந்து விழும். ஐந்தாவது 50-இல் வர வேண்டும். அது மடங்கி 2 கிலோஹெர்ட்ஸில், குரலின் நட்டநடுவே வந்து விழும். இதுதான் ஏலியாசிங். எந்த அனலாக் கன்சோலும் இதைச் செய்யாது. பிளகினில் ஓவர்சாம்ப்ளிங் (உள்ளே மட்டும் உயர்ந்த சாம்பிள் ரேட்டில் கணக்குப் போடும் வசதி) இருந்தால் ஆன் செய்து, அந்த 2 கிலோஹெர்ட்ஸ் கோடு தேய்கிறதா என்று பாருங்கள். 22 டிராக்கில் சிம்பலும் 'ஸ'கரமும் சேர்ந்து இப்படி மடங்கினால் மேலே ஒரு மெல்லிய புழுதி படியும். அதையே 'அனலாக் தன்மை' என்று நினைத்துப் பலர் விரும்பவும் செய்கிறார்கள்.

மூன்று, எதுவும் ஓடாதபோது இரைச்சல். சேனலுக்கு -80 டிபிஎஃப்எஸ் என்றால் சின்னதாகத்தான் தெரியும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 24 இரைச்சல்கள் சேரும்போது கிட்டத்தட்ட 14 டெசிபல் கூடி -66 ஆகிவிடும். மாஸ்டரிங்கில் லிமிட்டர் அதை இன்னும் தூக்கும். சோதனைக்கு இரைச்சல் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அமைதியான இடத்தில் சன்னமாக 'ஸ்ஸ்' கேட்டால் எது எந்த ஃபைல் என்று காது கண்டுபிடித்துவிடும், பிறகு சோதனை சோதனையாக இருக்காது.

கொஞ்சம் நின்று: பியூரஸ்ட்கன்சோல் சொல்லித் தரும் பாடம்

ஏர்விண்டோஸின் பியூரஸ்ட்கன்சோலை இங்கே விரித்துச் சொல்ல ஆசை. 'கன்சோல் கூட்டல்' என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேறு கருவி எனக்குத் தெரியாது. சேனல் பிளகின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் பள்ளியில் படித்த அதே சைன் கணக்கைப் போடுகிறது. பஸ் பிளகின் அதைத் திருப்பி, ஆர்க்சைன் போடுகிறது. அவ்வளவுதான்.

ஒரே ஒரு டிராக் ஓடினால் போனதே திரும்பி வரும். நல் டெஸ்ட் செய்தால் ஏறக்குறைய மௌனம். இரண்டு டிராக் சேரும்போதுதான் ஆட்டம். டிஜிட்டலின் உச்சத்தை 1 என்று வைத்துக்கொண்டால், 0.4-உம் 0.4-உம் சேர்ந்தால் சாதாரணக் கூட்டலில் 0.8. இந்த ஜோடி வழியாகப் போனால் 0.893; கிட்டத்தட்ட 1 டெசிபல் அதிகம். 0.6-உம் எதிர்ப்பக்கமாக 0.2-உம் சேர்ந்தால் சாதாரணமாக 0.4, இதில் 0.375. ஒரே பக்கம் தள்ளும் ஒலிகள் இன்னும் நிமிர்கின்றன, எதிர்ப்பக்கம் இழுப்பவை இன்னும் குறைகின்றன. அளவைக் குறைத்து 0.1-ஐயும் 0.1-ஐயும் சேர்த்துப் பாருங்கள்: 0.201. வித்தியாசம் 0.04 டெசிபல்தான், காதில் விழாது.

இந்த மூன்று வரிக் கணக்கிலேயே எல்லாம் இருக்கிறது. கூட்டலில் மட்டும் பிறக்கும் விளைவு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது சிக்னல் அளவைப் பொறுத்தது. தாழ்வாக மிக்ஸ் செய்தால் காணாமல் போகும். அதோடு, உச்சங்களில் அது சத்தத்தையும் ஏற்றுகிறது. ஆகவே சத்தத்தைச் சமன்படுத்தாமல் இதைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்த ஜோடியை வைத்து விளையாடிவிட்டு, பிறகு காசு கொடுக்கும் பிளகின்களுக்குப் போங்கள். எதைத் தேட வேண்டும் என்று காதுக்குத் தெரிந்திருக்கும்.

படி 4: ஐந்து மிக்ஸ்

முதல் மிக்ஸ், எந்த பிளகினும் இல்லாதது. இரண்டாவது, எல்லா டிராக்கிலும் சேனல் பிளகின், மாஸ்டரில் பஸ் பிளகின். மூன்றாவது, மாஸ்டரில் மட்டும் பஸ் பிளகின்.

நான்காவதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். முதல் மிக்ஸை எடுத்து, மாஸ்டரில் சாதாரண ஈகியூ ஒன்று போட்டு, அனலைசரில் பார்த்து இரண்டாவது மிக்ஸின் வளைவுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குங்கள். பெரும்பாலும் கீழே அரை டெசிபல், மேலே அரை டெசிபல் என்ற அளவில்தான் வேலை இருக்கும். கன்சோல் மாயம் என்று நினைத்தது வெறும் அரை டெசிபல் ஈகியூவா என்பதற்கு இந்த நான்காவதுதான் பதில் சொல்லும்.

ஐந்தாவது, முதல் மிக்ஸின் நகல். வேறு பெயர், அதே ஃபைல். இதைச் சோதனைக்குள் சொல்லாமல் நுழைத்து வைக்க வேண்டும். முதலாவதையும் ஐந்தாவதையும் கேட்டுவிட்டு 'இது அகலமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தால், அன்றைக்குக் காது களைத்திருக்கிறது அல்லது மனம் எதையோ எதிர்பார்க்கிறது. அந்த நாளின் முடிவுகளை அப்படியே தள்ளிவிடுங்கள்.

மாஸ்டரில் கம்ப்ரஸர் வைத்து மிக்ஸ் செய்பவர்கள் முதல் சுற்றை அது இல்லாமல் முடியுங்கள். கன்சோல் பிளகின் உச்சங்களைத் தட்டினால் கம்ப்ரஸர் வேறு மாதிரி வேலை செய்யும். அப்போது கேட்பது இரண்டின் கலவை. இரண்டாம் சுற்றில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 5: சத்தத்தைச் சமன் செய்வது

இதைத் தாண்டிக் குதித்தால் மற்ற எல்லாப் படியும் வீண். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே காட்டியது இது: சத்தம் ஏறும்போது பேஸ் நம் காதுக்கு நடுப்பகுதியைவிட வேகமாக ஏறுகிறது. அரை டெசிபல் ஏறினாலே 'சத்தம் கூடியிருக்கிறது' என்று தோன்றாது. 'கீழே கனமாக இருக்கிறது, மேலே காற்றோட்டமாக இருக்கிறது, அகலமாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். கன்சோல் பிளகின்களைப் புகழும்போது நாம் சொல்லும் அதே வார்த்தைகள்.

யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே போதும். சோதனைக்கு எடுக்கும் பகுதியை மட்டும் ஓட்டி, இன்டகிரேட்டட் லஃப்ஸ் அளவைக் (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் சராசரி) குறித்து, ஐந்து ஃபைலையும் 0.1 டெசிபலுக்குள் கொண்டு வாருங்கள். எப்போதும் பெரியதைக் குறைத்துச் சமன் செய்யுங்கள். பீக் அளவை வைத்துச் சமன் செய்யவே கூடாது. சாச்சுரேஷன் உச்சங்களைத் தட்டியிருக்கும், பீக்கை ஒன்றாக்கினால் அந்த மிக்ஸ்தான் சத்தமாக வந்து நிற்கும்.

லஃப்ஸிலும் ஒரு குறை உண்டு. அது ஆழ்ந்த பேஸைக் குறைத்தே கணக்கில் எடுக்கும். பிளகின் 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு புடைப்பைக் கொடுத்தால் மீட்டர் அதைப் பெரிதாகக் காட்டாது. அதனால் சமன் செய்த பிறகு ஆர்எம்எஸ்ஸையும் ஒரு பார்வை பார்ப்பேன். இரண்டும் வேறு வேறு திசையில் போனால் குறித்து வைத்துக்கொள்வேன். பல்லவியையும் சரணத்தையும் தனித்தனியாகச் சமன் செய்வதே நல்லது.

படி 6: வித்தியாசம் தெரிகிறதா?

இப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். முறையின் பெயர் ஏபிஎக்ஸ். அதே மன்சன், கார்ட்னர் என்பவரோடு சேர்ந்து 1950-இல் விவரித்த முறையின் வழியில் வந்தது. ஏ தெரியும், பி தெரியும். எக்ஸ் என்பது இரண்டில் ஒன்று. எது என்று தெரியாது. கேட்டுவிட்டு எது என்று சொல்ல வேண்டும். ஃபூபார்2000 பிளேயரில் இதற்கான துணைக்கருவி இருக்கிறது. ஹோஃபா நிறுவனம் செஷனுக்குள்ளேயே மறைத்துக் கேட்கும் பிளகின் வைத்திருக்கிறது. எதுவும் இல்லாவிட்டால் ஒரு நண்பரை உட்கார வைத்து நாணயம் சுண்டிப் போடச் சொல்லலாம். அவர் முகம் உங்களுக்குத் தெரியாதபடி திரும்பி உட்காருங்கள்.

பத்துப் பதினைந்து வினாடிப் பகுதியை லூப்பில் விடுங்கள். ஒலி நினைவு சில வினாடிதான் தங்கும். பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு ஒப்பிட்டால் ஒப்பிடுவது நினைவைத்தான். ஏ-யிலிருந்து பி-க்கு இடைவெளி இல்லாமல் தாவ வேண்டும். ஆரம்பிக்கும் முன் ஏ-யையும் பி-யையும் திரும்பத் திரும்பக் கேட்டு, எதைப் பிடித்துக்கொள்வது என்று ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள். என் பாட்டில் அது பறையின் முதல் அடியும், அதற்குப் பின்னால் கோரஸ் உட்கார்ந்திருக்கும் இடமும்.

16 முறை செய்யுங்கள். வெறும் ஊகத்திலேயே 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர ஏறக்குறைய 4 சதவீதம்தான் வாய்ப்பு. ஆகவே 12 வந்தால் வித்தியாசம் கேட்கிறது என்று ஏற்றுக்கொள்ளலாம். பொறுமை இல்லாதவர்கள் 10 முறை செய்யலாம், ஆனால் 9 சரியாக வர வேண்டும். 10-க்கு 8 என்பது ஊகத்திலேயே 5 சதவீதத்துக்கு மேல் நடந்துவிடும். எத்தனை முறை என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வையுங்கள். நன்றாகப் போகும்போது நிறுத்துவதும், மோசமாகப் போகும்போது 'இன்னும் நாலு' என்று நீட்டுவதும் கணக்கைக் கெடுத்துவிடும். நடுவில் இரண்டு முறையாவது எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

வரிசை: முதலில் ஒன்றுக்கு எதிராக இரண்டு. இதிலேயே பிரிக்க முடியவில்லை என்றால், இந்தப் பாட்டில், இந்த அளவில், இந்த அறையில் உங்கள் காதுக்கு பிளகின் எதையும் செய்யவில்லை. அதற்குமேல் பெரிதாக அர்த்தம் எடுக்காதீர்கள். இன்னும் 6 டெசிபல் தள்ளி ஓட்டினால் வேறு பதில் வரலாம், ஹெட்ஃபோனில் வேறு பதில் வரலாம். பிரிக்க முடிந்தால் இரண்டுக்கு எதிராக மூன்று, அப்புறம் இரண்டுக்கு எதிராக நான்கு. என் பாட்டில் முதல் ஜோடியைச் சிரமப்பட்டுத்தான் என்றாலும் பிரித்துவிட்டேன். இரண்டையும் மூன்றையும் பல்லவியில் பிரிக்கவே முடியவில்லை; டிரம்ஸும் பறையும் கோரஸும் மோதும் சரணத்தில் மட்டும் பிடி கிடைத்தது. டிராக்குகள் நெருக்கியடிக்கும் இடத்தில்தான் சேனல் சேனலாகப் போடுவதற்குப் பயன் இருக்கிறது என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

படி 7: பிடித்திருக்கிறதா?

ஏபிஎக்ஸ் 'வேறு' என்று மட்டுமே சொல்லும், 'நல்லது' என்று சொல்லாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். பிரிக்க முடிந்தவர் உடனே 'ஆகவே பிளகின் நல்லது' என்று போய்விடுகிறார்.

விருப்பச் சோதனைக்கு ஃபைல்களின் பெயரை வேறு யாரையாவது மாற்றித் தரச் சொல்லுங்கள்: மல்லி, முல்லை, தாழை என்று எதுவாகவும் இருக்கலாம். எண் போட்டால் ஒன்றை முதல் என்றும் இன்னொன்றைக் கடைசி என்றும் மனம் வரிசைப்படுத்திவிடும். இந்த முறை நீளமாகக் கேளுங்கள், முழுப் பல்லவியும் சரணமும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எது பிடித்தது, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். 'ஏன்' முக்கியம். 'குரல் முன்னால் வந்திருக்கிறது', 'ஸ்னேர் மழுங்கிவிட்டது' என்று சுட்ட முடிந்தால் அது நிஜமான விருப்பம். 'ஏதோ நன்றாக இருக்கிறது' என்றால் இன்னொரு நாள் திரும்பக் கேளுங்கள்.

மானிட்டரில் ஒரு முறை, ஹெட்ஃபோனில் ஒரு முறை, போனில் ஒரு முறை. பெரும்பாலோர் நம் பாட்டைக் கேட்கப்போவது போனில்தான். கீழ் பேஸுக்குச் சேரும் ஹார்மோனிக்ஸ் உண்மையிலேயே உதவுவது அங்கேதான். 50 ஹெர்ட்ஸை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது, அதற்கு மேலே முளைக்கும் ஹார்மோனிக்ஸ் வழியாகத்தான் பேஸ் இருப்பதே தெரியும். மானிட்டரில் பெரிதாகத் தெரியாத பிளகின் போனில் பேஸ் வரியைக் காப்பாற்றியதை நான் கேட்டிருக்கிறேன்.

முடிந்தால் இசை வேலையில் இல்லாத இரண்டு மூன்று பேரிடமும் கேளுங்கள். பிளகின் என்ற வார்த்தையே வராமல், 'எதை இன்னொரு முறை போடட்டும்?' என்று மட்டும் கேளுங்கள். எங்கள் வீட்டில் அக்காவிடம்தான் கேட்பேன். அவர் எதிர்பார்ப்போடு கேட்பதில்லை.

படி 8: ஆரம்பத்திலிருந்தே போட்டு மிக்ஸ் செய்தால்?

இதுவரை செய்தது முடிந்த மிக்ஸின் மேல் பிளகினை ஒட்டியது. இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு: கன்சோலில் வேலை செய்தவர்கள் முதல் ஃபேடரைத் தூக்கும்போதே அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டு முடிவெடுத்தார்கள், ஒட்டவைத்துப் பார்ப்பது வேறு கதை. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். பறையின் கூர்மையை சாச்சுரேஷன் ஏற்கெனவே தட்டியிருந்தால் கம்ப்ரஸரைக் குறைவாகப் போடுவோம். அந்த வித்தியாசம் பிளகினின் வித்தியாசத்தைவிடப் பெரிது.

இதைச் சோதிக்க ஒரே பாட்டை வெறும் டிராக்குகளிலிருந்து இரண்டு முறை மிக்ஸ் செய்ய வேண்டும். ஒரு முறை பிளகினோடு, ஒரு முறை இல்லாமல். இரண்டுக்கும் ஒரே நேர வரம்பு, நான் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். நடுவில் ஒரு வாரம் இடைவெளி. சிக்கல் என்னவென்றால், இரண்டாவது முறை பாட்டு பழகியிருக்கும், மிக்ஸ் தானாகவே நன்றாக வரும். அதனால் ஒரு பாட்டு போதாது. நான்கு பாட்டு எடுத்து, இரண்டில் பிளகினோடு முதலில், இரண்டில் இல்லாமல் முதலில் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அப்புறம் சத்தத்தைச் சமன் செய்து, பெயரை மறைத்து, மற்றவர்களிடம் கொடுங்கள். உங்கள் மிக்ஸை நீங்கள் எப்படியும் அடையாளம் கண்டுவிடுவீர்கள். இதில் தீர்ப்பு உங்களுடையதாக இருக்க முடியாது.

நான் இதை இதுவரை முழுதாக ஒரு முறைதான் செய்திருக்கிறேன். கேட்டவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்தார்கள். ஆனால் செஷன்களைத் திறந்து பார்த்தபோது, பிளகினோடு செய்த மிக்ஸ்களில் ஈகியூக்கள் குறைவாக இருந்தன, முடிவுக்கும் சீக்கிரம் வந்திருந்தேன். என் செஷன் டெம்ப்ளேட்டில் அந்த பிளகின் இன்றைக்கும் இருப்பது அந்தக் காரணத்துக்காக மட்டுமே. யாராவது கேட்டால் 'ஒலி மேம்படுகிறது' என்று சொல்வதில்லை. 'நான் வேகமாக வேலை செய்கிறேன்' என்று சொல்கிறேன். ஒருவருக்கு இரண்டாவது பிளகினை வாங்கச் சிபாரிசு செய்வதற்கு முன் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது கடமை என்று படுகிறது, முக்கியமாக வருமானம் இல்லாமல் வீட்டில் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு.

எல்லாம் முடிந்த பிறகு செஷனின் குறிப்புப் பகுதியில் பிளகினின் பதிப்பு எண், சாம்பிள் ரேட், ஓவர்சாம்ப்ளிங் நிலை, உள்ளே போன அளவு, எந்தப் பகுதியில் 16-க்கு எத்தனை என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். பிளகின் புதுப்பிக்கப்பட்டால் உள்ளே இருக்கும் கணக்கு மாறியிருக்கலாம். உறைய வைத்த டிராக்குகள் கையில் இருப்பதால் அடுத்த முறை படி 4-இலிருந்தே ஆரம்பிக்கலாம்.